ஒரு ஆள் நிற்கிற இடம்

நான் லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. சோதிக்காத கயிற்றைச் சோதித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அடுத்த வாரம் நாலு பேர் குழிக்குள் போவார்கள். அதனால் எனக்குப் பொய் எழுதிப் பழக்கமில்லை. கதை கட்டவும் தெரியாது. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நடந்ததை நடந்த நேரத்தோடு சொல்கிறேன். இது நடுராத்திரியில் நடக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, மாலை நாலு மணியிலிருந்து நாலு ஐம்பத்தொன்று வரை நடந்தது. வெளியே சுளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு டீப் ஹவுஸ் இசை பிடிக்கும். டெக்னோவும் பிடிக்கும். நாற்பத்திரண்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்களைப் பிடிக்காது. வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் நின்று மோட்டார் சத்தத்தைக் கேட்கிறவன் நான். சத்தம் சீராக வந்தால் மனசு நிம்மதியாகிவிடும். டீப் ஹவுஸ் அப்படித்தான். ஒரே தாளம், அடியில் வெதுவெதுப்பாக ஒரு பாஸ் ஒலி, அவசரமே இல்லாமல் மேலே ஏறும் ஒரு மெட்டு. கண்ணை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் ஆடுவேன். "மோட்டார் சத்தத்துக்கு டிக்கெட் எடுத்துட்டுப் போற மனுஷன் நீங்க ஒருத்தர்தான்" என்பாள் என் மனைவி.

இந்த வருஷ இசை விழாவுக்கு என் மச்சினனும் வருகிறேன் என்றான். மனைவியின் தம்பி. கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கிற வேலை. அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, சரியாக இருபது நாள் பாக்கி. கிளம்பும்போது மனைவி வாசலை மறித்துக்கொண்டாள்.

"என் தம்பிய முழுசா கூட்டிட்டு வரணும். அவன் மேல ஒரு கீறல் இருந்தாலும் நீங்க வீட்டுக்குள்ள வர வேண்டாம்."

"எனக்குக் கீறல் விழுந்தா?"

"அது உங்க பாடு."

விழாவில் மூன்று மேடைகள். நாங்கள் போனது பழைய சரக்குக் கிடங்குக்குள் இருந்த மேடைக்கு. ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்திருந்தார்கள். தகரக் கூரை, கான்கிரீட் தரை. உள்ளே நுழைந்தால் பகல் என்பதே மறந்துவிடும். வாசலில் தாடி வைத்த ஒரு காவலாளி, காதில் வைக்க ஆளுக்கு இரண்டு பஞ்சுத் துண்டு கொடுத்தார். டிஜே மேசைக்குப் பக்கத்தில் சிவப்பு எண்களில் ஒரு கடிகாரம் எரிந்தது. ஒருவர் முடிக்க வேண்டிய நேரம் அடுத்தவருக்குத் தெரிவதற்காக வைப்பார்கள். நான் சொல்லும் நேரமெல்லாம் அதில் பார்த்ததுதான்.

இரண்டு மணியிலிருந்து மொட்டையடித்த ஒரு பெண் டீப் ஹவுஸ் போட்டாள். என்ன கை அது! ஒரு பாட்டு முடிந்து அடுத்தது எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மச்சினன் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அரை மணியில் தோள் ஆடியது. ஒரு மணி நேரத்தில் என்னையே இடித்துக்கொண்டு ஆடினான். "மாமா, இத்தனை நாளா இத மறைச்சு வச்சிருந்தீங்களே!" என்று கத்தினான். சொல்ல வெட்கமில்லை, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நாலு மணிக்கு ஆள் மாறினார். ஒல்லியான மனிதர், தலையை நிமிர்த்தவே இல்லை. டெக்னோ. தாளம் வேகமானது, விளக்கெல்லாம் சிவப்பானது, புகையை அடித்து விட்டார்கள். வெளியே இருந்த கூட்டம் மொத்தமும் உள்ளே வந்தது. எள் போட்டால் எள் விழாது. முன்னால் போகலாம் என்று மச்சினனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

அப்போதுதான் பார்த்தேன். இடது ஸ்பீக்கருக்கு முன்னால், மூன்றாவது வரிசையில், ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம். காலியாக.

மூச்சு விட இடமில்லாத கூட்டத்தில் அப்படி ஓர் இடம் கிடைத்தால் எவன் விடுவான்? யாரோ தண்ணீர் வாங்கப் போயிருக்கலாம் என்று பக்கத்தில் நின்ற உயரமான பெண்ணிடம் கேட்டேன்.

"இங்க யாராவது வர்றாங்களா?"

அவள் என்னையும் இடத்தையும் பார்த்தாள். ஒரு அடி விலகிக்கொண்டாள். திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டு மச்சினனை அதற்குள் நிறுத்தினேன். நான் அவனுக்கு வலது பக்கம், விளிம்பில் ஒண்டிக்கொண்டேன்.

நேரம் 4:14.

இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மச்சினன் முகத்தைச் சுளித்தான்.

"மாமா, கால மிதிக்காதீங்க."

"நான் எங்கடா மிதிச்சேன்?"

குனிந்து பார்த்தேன். அவன் போட்டிருந்தது மெல்லிய துணி ஷூ. சிவப்பு வெளிச்சம் விட்டுவிட்டு அடித்தது. இடது ஷூவின் முன்பக்கம் அமுங்கியது. நிமிர்ந்தது. மறுபடி அமுங்கியது. ஒரு குதிகால் அளவுக்குக் குழி. மேலே எந்தக் காலும் இல்லை.

வெளிச்சம் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். அப்படித்தானே நினைப்போம்?

4:20. பாட்டில் தாளத்தை எடுத்துவிட்டார் டிஜே. டெக்னோவில் அது வழக்கம். அடி நின்றுபோகும், மெல்லிய ஒரு ரீங்காரம் மட்டும் ஏறிக்கொண்டே போகும், கூட்டம் கையைத் தூக்கிக்கொண்டு அடி திரும்பி விழக் காத்திருக்கும். எல்லோர் காலும் நின்றுவிட்டது.

தரை நிற்கவில்லை.

தும்... தும்... தும்... தும்...

என் உள்ளங்காலில் ஏறியது. குனிந்து கையைத் தரையில் வைத்தேன், வேலைப் பழக்கம். கான்கிரீட் அதிர்ந்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். பாட்டு பதினைந்து நொடிக்கு முப்பத்திநாலு அடி. அது எனக்கு முன்பே தெரியும். இது முப்பத்தெட்டு. ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. ஜெனரேட்டரும் இல்லை. மச்சினனின் காலுக்குப் பக்கத்தில், இடது பக்கத்தில், ஒருவர் காலை ஓங்கி ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தார்.

அங்கே யாரும் இல்லை.

"வாடா, பின்னாடி போயிடலாம்."

"ஏன் மாமா? நல்லாத்தானே இருக்கு?"

மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். பதினைந்து வரிசை பின்னால் வந்திருப்போம். திரும்பிப் பார்த்தேன். நாங்கள் விட்டு வந்த இடம் மூடிக்கொண்டது. நாலைந்து பேர் அதில் நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

பிறகு மச்சினனின் இடது பக்கம் பார்த்தேன்.

ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம்.

எங்களுக்கு மூன்று பக்கமும் ஆள்மேல் ஆளாக நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்கம் மட்டும் ஒருவரும் கால் வைக்கவில்லை. வந்தவர்கள் வளைந்து போனார்கள். வளைகிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. பேச்சு சுவாரசியத்தில் சுவரைச் சுற்றிப் போகிற மாதிரி போனார்கள்.

நேரம் 4:31.

எனக்குக் கோபம் வந்தது. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவாயா என்று பல்லைக் கடித்துக்கொண்டு மச்சினனைச் சுற்றிப் போனேன். அந்தக் காலி இடத்துக்குள் போய் நின்றேன்.

விலாவில் ஒரு முழங்கை இறங்கியது.

மூச்சு மொத்தமும் வெளியே போய்விட்டது. இரண்டாவது இடி முதுகில். நான் மூன்று பேர் மேல் போய் விழுந்தேன். "தள்ளாதய்யா!" என்று ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். சுற்றியிருந்த முகமெல்லாம் என்னைத்தான் முறைத்தது.

மன்னிப்புக் கேட்டுச் சட்டையை விடுவித்துக்கொண்டு நிமிர்ந்தபோது 4:38.

மறுபடி தாளம் நின்றது. கைகள் மேலே போயின. கூட்டம் அசையாமல் நின்றது.

மச்சினன் மட்டும் ஆடிக்கொண்டிருந்தான்.

கண் மூடியிருந்தது. காலை ஓங்கி ஓங்கித் தரையில் அடித்தான். தும்... தும்... தும்... பாட்டின் வேகம் இல்லை. அந்த வேகம். இடது ஷூவில் துணி நனைந்து கறுப்பாக இருந்தது.

"டேய்!"

கேட்கவில்லை. தலையை இடது பக்கம் சாய்த்திருந்தான், யாரோ சொல்வதைக் கேட்கிற மாதிரி. வாய் அசைந்தது. காதைக் கொண்டுபோனேன்.

"நிக்கல... நிக்கல... நான் நிக்கல..."

இவனை முழுசாகக் கொண்டுபோக வேண்டும். வேறு எதுவும் மனசில் இல்லை.

இடுப்பில் கை கொடுத்துத் தோளில் தூக்கினேன். லிஃப்ட் கணக்கில் ஒரு ஆள் என்றால் அறுபத்தெட்டு கிலோ. அவன் அதற்கும் குறைவு. அந்தக் கனம் என் தோளுக்குத் தெரியும், தினமும் அதற்கு மேலேயே தூக்குகிறேன்.

தோளில் ஏறியது இரண்டு ஆள் கனம்.

முழங்கால் மடங்கியது. நடந்தேன். கூட்டம் வழி விட்டது... தேவைக்கு மேலேயே அகலமாக விட்டது.

அவன் கால் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

தரை அதிர்ந்துகொண்டிருந்தது. எனக்குப் பின்னால். ஒவ்வொரு அடிக்கும்.

தும்...

தும்...

கதவு.

வெயில்.

4:51. கடைசியாகத் திரும்பிப் பார்த்த நேரம் அதுதான். தாடிக்காரர் கதவைத் திறந்து பிடித்திருந்தார். நாங்கள் இருவரும் வெளியே வந்த பிறகும் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். அப்புறம் மூடினார்.

புல்லில் இறக்கிப் படுக்க வைத்தேன். கண்ணைத் திறந்தான். அழுதுகொண்டே என்னைத் திட்டினான்.

"ஏன் மாமா அப்படி மிதிச்சீங்க? வலிக்குதுன்னு எத்தனை தடவ சொன்னேன்?"

"நான் மிதிக்கலடா."

"காதுல சொல்லிட்டே இருந்தீங்களே. நிக்காத, நின்னா இடம் போயிடும்னு."

"எந்தக் காதுல?"

"இடது காதுல."

நான் அவனுக்கு வலது பக்கம்தான் நின்றேன். இடி வாங்கின அந்த ஒரு நொடி தவிர, சாயங்காலம் முழுக்க.

இடது காலில் இரண்டு விரல் எலும்பு நொறுங்கியிருந்தது. கூட்டத்தில் யாரோ மிதித்துவிட்டார்கள் என்று சொன்னோம். டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஒரு தடவ மிதிச்சா இப்படி ஆகாது. ஒரே எடத்துல திரும்பத் திரும்ப அடிச்சிருக்கு" என்றார். என் மனைவி என்னோடு நான்கு நாள் பேசவில்லை. பேசாமல் இருந்ததே நல்லது. என்ன சொல்லியிருப்பேன்?

செவ்வாய்க்கிழமை, அன்று தொலைந்துபோன மச்சினனின் போனைத் தேடிக்கொண்டு அந்தக் கிடங்குக்குப் போனேன். மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தாடிக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். தேநீர் வாங்கிக் கொடுத்தார். நான் கேட்பதற்கு முன்பே பேசினார்.

"மூணு வருஷமா இங்க நிகழ்ச்சி நடக்குது சார். எவ்ளோ கூட்டம் வந்தாலும் மூணாவது வரிசையில அந்த எடம் மட்டும் நிறையாது. நாங்களும் கண்டுக்கறதில்ல."

"அங்க யாராவது செத்தாங்களா?"

"எல்லாரும் இதத்தான் கேப்பாங்க. விசாரிச்சுப் பாத்துட்டோம். யாரும் சாகல. அடிகூட பட்டதில்ல."

"அப்புறம்?"

"தெரியல சார். ஆனா மறுநாள் ஞாயித்துக்கிழமை அங்க ஆளுங்க நின்னு ஆடினாங்க. மூணு வருஷத்துல முதல் தடவ." டம்ளரைக் கீழே வைத்தார். "அன்னிக்கு நீங்க வெளிய வந்தப்ப கதவ ஏன் அவ்ளோ நேரம் பிடிச்சிருந்தேன்னு எனக்கே தெரியல."

வீட்டில் யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை. பதினேழு நாளில் கல்யாணம். ஒரு பெண் வீட்டாரிடம் போய் என்னவென்று சொல்வது? பயந்துகொண்டு வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்புதான்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மச்சினன் காலில் கட்டோடு நின்றான். குடும்பப் படம் எடுக்கும்போது போட்டோகிராபர் மூன்று முறை கத்தினார், "மாப்பிள்ளைக்கு இந்தப் பக்கம் நெருங்கி நில்லுங்க!" எல்லோரும் சரி சரி என்று தலையாட்டினார்கள். படம் வந்தபோது பார்த்தேன். முப்பத்தொரு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மாப்பிள்ளைக்கு இடது பக்கம் மட்டும் விட்டிருக்கிறார்கள்.

போன வாரம் மச்சினன் வீட்டுக்குப் போய்விட்டு வந்த என் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"புதுசா கல்யாணம் ஆனதுங்க மாதிரியா இருக்குதுங்க? கட்டில்ல ஆளுக்கொரு ஓரத்துல படுக்கறாங்களாம். நடுவுல இன்னொரு ஆள் படுக்கலாம், அவ்ளோ இடம். சண்டையாம்மான்னு கேட்டேன். இல்லையாம். ஏன்னு ரெண்டு பேருக்குமே தெரியலையாம்."

நான் டீவியை அணைத்தேன்.

"இதுல இன்னொரு கூத்து. அந்தப் பொண்ணு கால் விரலெல்லாம் கன்னிப்போய் நீலமா கிடக்கு. இவன் தூக்கத்துல மிதிக்கிறான்னு சொல்லிச் சிரிக்கிறா."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். சிரிப்பு போய்விட்டது.

"ஏங்க... நடுவுல அவ்ளோ இடம் இருக்கே. இவன் கால் எப்படி எட்டும்?"