வலியில்லாத கொஞ்ச நாள்

அம்மாவுக்குத் தலைவலி வந்தால் வீட்டில் முதலில் மிக்சி நிற்கும். பிறகு டிவி. பிறகு ஜன்னல் திரைகள் விழும். மாதத்தில் பாதிக்கு மேல் அப்படித்தான் போயிற்று. அந்தமானில் எங்கள் ஊர் மாயாபந்தர். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் தலையணையைக் காதோடு அழுத்திக்கொள்வாள்.

மாத்திரைகள் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒன்றில் எடை கூடியது, ஒன்றில் நாளெல்லாம் தூக்கம், ஒன்றில் விரல்கள் மரத்துப்போயின. அதன் பிறகுதான் சென்னை டாக்டர் ஒருவர் தலையிலும் கழுத்திலும் போடும் ஊசியைப் பற்றி வீடியோ காலில் சொன்னார். எங்களுக்குத் தெரிந்தவரை தீவில் அதைப் போடுபவர்கள் இல்லை.

நான் தொலைபேசி நிலையத்தில் டெக்னீஷியன். எந்தக் கருவியைத் தொடும் முன்னும் என்ன கிடைக்கும், என்ன கெடலாம் என்று பிரித்துப் பார்ப்பது வழக்கம். டாக்டரிடமும் அப்படியே கேட்டேன். வலி வரும் நாட்கள் குறையலாம், அடியோடு போகும் என்று சொல்ல முடியாது. கழுத்துத் தசை தளரலாம், இமை தொங்கலாம். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். அபூர்வமாக விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடணும்மா. ஒரே தடவையில முடிவு பண்ணிடாதீங்க," என்றார்.

அந்த வாக்கியம்தான் எங்கள் காதில் ஏறவில்லை. தீவுக்காரர்களுக்கு மெயின்லேண்ட் என்பது ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வருவது. அப்பா கையிலிருந்த லீவு முழுவதையும் போட்டார். பெரியப்பா மகள் கல்யாணம், அப்பாவுக்குக் கண்ணாடி, திருச்செந்தூர், அக்கம்பக்கத்தார் சொல்லிவிட்ட சேலைகள். இவற்றுக்கு நடுவில் ஊசி.

பக்கத்து வீட்டு பெங்காலி அக்கா பஸ் வரை வந்தாள். "சிர் தர்த் கோ உதர் ஹீ சோட்கே ஆனா, தீதி!" தலைவலியை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்கிறாள். அம்மா சிரித்தாள்.

சென்னை ஆஸ்பத்திரியில் நெற்றி, நெற்றிப்பொட்டு, பின்மண்டை, கழுத்து, தோள் என்று மெல்லிய ஊசி இறங்கிக்கொண்டே போனது. "எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கு," என்றாள் அம்மா, என் விரலை விடாமல். "பெரிய எறும்பு."

கல்யாணம், கோயில் எல்லாம் முடிந்து போர்ட் பிளேரிலிருந்து பஸ் ஏறியபோது அவள் கழுத்து தலையைத் தாங்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் தலை முன்னால் சரிந்தது. வழி நெடுக அவள் நெற்றியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தேன்.

"இதுக்கா இவ்வளவு தூரம் போனோம்?" என்றார் அப்பா.

"ரோட்டைத் திட்டுங்க. என்னைத் திட்டாதீங்க," என்றாள் அம்மா.

கழுத்து மெல்ல நிமிர்ந்தது. அதற்குள்ளேயே தலைவலி வருவது குறைந்திருந்தது. பட்டப்பகலில் ஜன்னலைத் திறந்துவைத்துத் தேங்காய் அரைத்தாள். ஒரு மாலை கப்பல் பார்க்க என்னோடு துறைமுகத்துக்கு வந்தாள். அது ஊதும்வரை வேண்டுமென்றே நின்றாள். "இவ்ளோதானா சத்தம்?" என்றாள்.

மூன்றாவது மாதம் மழையோடு வந்தது. அப்பாவிடம் லீவு இல்லை. எனக்கும் உடனே கிடைக்கவில்லை. ஊசியின் பலன் வடிந்துவிடும், முடிந்தபோது வாருங்கள் என்றார் டாக்டர். மிக்சி மறுபடி நின்றது. ஒருவழியாக லீவு வாங்கி, டிக்கெட்டும் எடுத்து, இருட்டிய அறைக்குள் போய்ச் சொன்னேன்.

"வேணாம்டி."

"கழுத்துக்குப் பயமா?"

"கழுத்து கெடக்கு. முன்னாடி இதுதான் என் உடம்புன்னு இருந்தேன். இப்ப வேற மாதிரியும் இருக்கலாம்னு தெரிஞ்சுபோச்சு. ஒவ்வொரு தடவையும் லீவப் பாத்து, டிக்கெட்டப் பாத்து, அந்த நல்ல நாள் போயிருமோ போயிருமோன்னு படுத்துக் கெடக்கணும். என்னால ஆகாது."

டாக்டர் சொல்லாத அபாயம் அது. நானும் கேட்டிருக்கவில்லை. இரண்டாவது முறை இன்னும் நன்றாக வேலை செய்யலாம், இந்த முறை கல்யாணம் காட்சி இல்லாமல் போய் வரலாம் என்று வரிசையாகச் சொல்ல வைத்திருந்தேன். மறுநாள் டிக்கெட்டை ரத்து செய்தேன்.

அன்று மாலை கப்பல் ஊதியது. அம்மா ஒருக்களித்துப் படுத்து ஒரு காதைத் தலையணையில் புதைத்தாள். மறு காதை நான் உள்ளங்கையால் மூடினேன். சத்தம் அடங்கிய பிறகும் கையை எடுக்கவில்லை.