முதலாளி இல்லாத டவர்

மலைக்கிராமமான நெல்லிவாசல்நாட்டில் கரட்டின் மேல் நிற்கும் டவருக்குக் குப்பன்தான் காவல். போனும் இன்டர்நெட்டும் ஓடுவதற்கான டவர்களை ஊர் ஊராக நட்டு நடத்தும் ஒரு பெரிய கம்பெனி, அவருடைய சாமை நிலத்தில் ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுத்து, கூடவே அந்த வேலையையும் கொடுத்தது. மலையில் கரண்ட் அடிக்கடி போகும். போனதும் குப்பன் ஜெனரேட்டரைப் போட்டுவிடுவார். போன் நின்றதில்லை. அதில் அவருக்கு ஒரு கர்வம்.

போன ஆனியில் இன்ஜினியர் மோகன் ஜீப்பில் வந்து டீசல் டிரம்மை எடுத்துப்போக வேண்டும் என்றார்.

"இனிமே இங்க டீசல் இல்லணா. மேல இருந்து ஆர்டர்."

"கரண்ட் போனா இன்னா சார் பண்றது?"

"பேட்டரி இருக்கிற வரைக்கும் ஓடும்."

கம்பெனி ஷேரில் பெரும்பங்கைப் பெரிய ஃபண்டுகள் வாங்கிவிட்டன, வருமானம் இல்லாத டவர்களுக்குச் செலவைக் குறைக்கச் சொல்லி நெருக்குகின்றன என்றார் மோகன். குப்பனுக்குப் பாதிதான் புரிந்தது. டிரம்மை ஏற்ற அவரே கை கொடுத்தார்.

ஐப்பசி மழையில் மரம் விழுந்து கரண்ட் கம்பி அறுந்தது. மறுநாள் டவரும் நின்றது. அன்று மத்தியானம் அவரைக்காய் பறிக்கப் போன அவர் மனைவி செல்லியம்மாளை விரியன் கடித்தது. மகள் அருணா போனோடு பாறை பாறையாக ஏறிப் பார்த்தாள். சிக்னல் வரவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட வழியில்லாமல், கம்பளியில் தூளி கட்டி ரோடு வரை சுமந்தார்கள். வண்டி கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது செல்லியம்மாளுக்குப் பேச்சு நின்றிருந்தது. ஊசி போட்டும் பிழைக்கவில்லை.

காரியம் முடிந்ததும் குப்பன் கம்பெனியின் வேலூர் ஆபீசுக்குப் போனார்.

"முதலாளியப் பாக்கணும் சார்."

மோகன் அவரை டீக்கடைக்கு அழைத்துப் போனார். "முதலாளினு ஒருத்தர் இல்லணா. எல்லாம் ஃபண்டு. மும்பைல, வெளிநாட்டுல. எத்தினியோ ஜனங்க போட்ட காசு. என் பி.எஃப். காசு கூட அதுல எங்கியாவது இருக்கும்."

"டீசல் வாணாம்னு சொன்னவன் ஒருத்தன் இருப்பான்ல? அவன் பேரு சொல்லு சார்."

"அப்படி ஒருத்தர் இல்லணா. செலவு ஜாஸ்தினு மீட்டிங்ல பேசியிருப்பாங்க."

"யாருமே பண்ணாமலா என் பொண்டாட்டி செத்தா?"

மோகன் டீயை அப்படியே வைத்துவிட்டார்.

அதற்குள் கம்பி இழுத்து, கரண்ட் வந்து, டவர் ஓடத் தொடங்கியிருந்தது. ஊர் திரும்பிய குப்பன் சுவிட்சை அணைத்தார். வேலிக்கதவில் சொந்தப் பூட்டைப் போட்டு, முதலாளி நேரில் வந்தால்தான் திறப்பேன் என்று முன்னால் உட்கார்ந்துவிட்டார். ரிப்பேருக்கு வந்தவர்களை விரட்டினார். போலீஸ் மிரட்டிவிட்டுப் போனது. அப்பா சாப்பிடவில்லை என்று அருணா சோற்றை அங்கேயே கொண்டுவந்தாள்.

கடைசியில் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை வந்தாள். அவள் மகள் மஞ்சுளா நிறைமாதம்.

"இன்னிக்கோ நாளைக்கோ அவளுக்கு வலி எடுக்கும் மாமா. போன் இல்லாம நான் இன்னா பண்ணுவேன்? உன் வூட்ல நடந்தது என் வூட்லயும் நடக்கணுமா?"

குப்பன் எழுந்து பூட்டைத் திறந்தார், சுவிட்சைப் போட்டார், சாவியை அவள் கையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

கம்பெனி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. வேறு காவலும் போடவில்லை. டீசல் இன்றுவரை வரவில்லை. மஞ்சுளாவுக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. குப்பன் போய்ப் பார்க்கவில்லை. மழை பிடித்தால் அருணா அப்பாவைக் காட்டுக்கு அனுப்புவதில்லை.