கரட்டுக்காட்டில் எல்லைக் கல் சாமியான கதை

1. யார் மேல எழுதலாம்?

கரட்டுக்காட்டில் தீப்பிடித்த அன்று, "எவ்வளவு எரிஞ்சிருக்கு?" என்று ரேஞ்சர் கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "யார் மேல எழுதலாம்?"

வனத்துறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு காட்டுத்தீயைக் காட்டுக்குள்ளும் அணைக்க வேண்டும், காகிதத்திலும் அணைக்க வேண்டும். காட்டில் பிடித்தது மழை வந்தால் தானாக அணையும். காகிதத்தில் பிடித்தது மேலதிகாரி வரைக்கும் போகும். ஆகவே ஒரு பேர் வேண்டும்.

நான் அப்போது வனவர். பொதுமக்கள் வாயில் பாரஸ்டர். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் போகும் வழியில் உள்ள ஒரு கரடும், அதன் அடிவாரமும் என் பொறுப்பு. காடு என்றதும் அருவி, யானை என்று நினைத்துவிடாதீர்கள். உசில், வெள்வேல், கிளுவை, ஆவாரஞ்செடி, இவற்றின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும் சீமைக்கருவேலம், அவ்வளவுதான். ஆனாலும் அரசாங்கப் பதிவில் அது காப்புக்காடு. எனக்கும் அது காடுதான். அதற்காகத்தான் சம்பளம் வாங்கினேன்.

ரேஞ்சருக்குப் பேர் சீக்கிரம் கிடைத்துவிட்டது. ஆடு மேய்க்கும் முத்திருளாயி. புருஷன் இல்லாதவள். தன் ஆடுகளை நம்பியே அடுப்பு எரிப்பவள். தீப்பிடித்த நேரத்தில் கிழக்குச் சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். புதுப் புல் முளைக்க வேண்டும் என்று மேய்ப்பவர்கள் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ரேஞ்சருக்கு அந்தப் பேச்சே போதுமானதாக இருந்தது. ஆடுகளை ஓட்டிவந்து ஆபீஸ் காம்பவுண்டுக்குள் அடைத்தோம்.

"நான் வைக்கலய்யா. என் ஆடு மேயுற எடத்துக்கு நானே தீ வைப்பேனா? வீட்டுக்குத் தீ வச்சுட்டு யாராச்சும் உள்ள படுப்பாகளா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் கோர்ட்டுல சொல்லிக்கோ" என்றார் ரேஞ்சர்.

கேஸ் பதிவானால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும், அபராதம் கட்ட வேண்டும், கட்ட ஆட்டை விற்க வேண்டும். அதற்குப் பிறகு அவள் மேய்க்க ஒன்றும் மிஞ்சாது.

2. சேத ஆய்வு

சூடு தணிந்ததும் சேதம் பார்க்கப் போனோம். மேலிடத்திலிருந்து வந்த படிவத்தில் தேக்கு எத்தனை, சந்தனம் எத்தனை என்று கேட்டிருந்தார்கள். வனவிலங்கு என்ற இடத்தில் முதல் வரியே புலி. ரேஞ்சர் கொஞ்ச நேரம் யோசித்தார். "புலி, சேதமில்லைன்னு எழுதுய்யா" என்றார். உண்மைதானே. எங்கள் காட்டில் ஒரு புலிக்கும் சேதமில்லை.

சேதமானது வேறு. முட்டைகள் மேல் உட்கார்ந்தபடியே ஒரு மயில் கருகிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு கட்டு விரியன் சுருண்டபடி வெந்திருந்தது. அந்த மயிலைப் பார்த்த பிறகு எனக்குப் படிவம் எழுதக் கை வரவில்லை. உடும்பு ஒன்று மட்டும் பாறை இடுக்கிலிருந்து தலையை நீட்டி எங்களைப் பார்த்துவிட்டு, இவர்களுக்குத் தீயே தேவலை என்பதுபோல் உள்ளே போய்விட்டது. உசில் மரங்கள் மேலே கரியாக நின்றாலும், அடியில் கீறிப் பார்த்தால் பச்சை இருந்தது. சீமைக்கருவேலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அது ஏற்கெனவே துளிர்விடத் தொடங்கியிருந்தது.

தீ மேற்கிலிருந்து கிழக்காக ஓடியிருந்தது. முத்திருளாயி நின்றது கிழக்கே. கருகல் தடத்தைப் பிடித்துக்கொண்டே மேற்கே நடந்தேன். அது ஒரு கரிமூட்டத்தில் போய் முடிந்தது. கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே கனியவிட்டுக் கரி எடுப்பார்களே, அந்த மூட்டம். ஒரு பக்கம் மண் சரிந்து வாய் திறந்து கிடந்தது. அதன் முதலாளி சங்கரபாண்டி. நிலபுலன் உள்ளவர், கரி லோடு அனுப்புகிறவர். தீயணைக்கத் தண்ணீர் லாரி அனுப்பியவரும் அவரே. அதற்காக ரேஞ்சர் அவருக்குச் சால்வை போர்த்தியிருந்தார்.

"மூட்டம் அவரோட பட்டா நிலத்துல இருக்குய்யா. நாம அங்க போய் என்னத்தப் பேசுறது?" என்றார் ரேஞ்சர்.

அப்போதுதான் அந்தக் கல் என் கண்ணில் பட்டது. கருவேலம் மண்டிக் கிடந்ததால் எத்தனையோ வருஷம் யார் கண்ணிலும் படாத எங்கள் காட்டின் மேற்கு எல்லைக் கல். தீ புதரைத் தின்றுவிட்டுக் கல்லை விட்டுவைத்திருந்தது. அந்தக் காலத்து சர்வேக்காரர்கள் வெட்டிய அம்புக்குறி, கீழே எண். கல் நின்றது மூட்டத்துக்கும் மேற்கே. அதாவது மூட்டம் காப்புக்காட்டுக்குள் இருந்தது.

"நாளைக்கு வந்து அளந்துருவோம்" என்றார் ரேஞ்சர். அவர் முகம் அவ்வளவு தெளிவாக இல்லை.

3. வேகாத சாமி

மறுநாள் போனால் எங்கள் கல்லைக் காணோம். அதாவது கல் அங்கேயேதான் நின்றது, ஆனால் சாமியாகிவிட்டிருந்தது. மஞ்சள் அப்பி, சந்தனம் பூசி, சிவப்புத் துண்டு கட்டி, மாலை போட்டிருந்தார்கள். எண் இருந்த இடத்தில் சந்தனம் ஒரு விரல் கனம். அம்புக்குறிக்கு மட்டும் குங்குமம் இட்டு எடுப்பாகக் காட்டியிருந்தார்கள். கேட்டால் சூலமாம்.

"எங்க பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து எங்க குடும்பம் கும்புடுற சாமிங்க. இம்புட்டுத் தீயிலயும் வேகல பாத்தீகளா?" என்றார் சங்கரபாண்டி, கையைக் கூப்பிக்கொண்டு.

எந்தக் கல் எந்தத் தீயில் வெந்திருக்கிறது என்று கேட்க வாய் வந்தது. அதற்குள் ரேஞ்சர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

திரும்பும்போது ஜீப்பில், "இது மத விவகாரம்யா. தொட்டா நம்ம ரெண்டு பேரையும் தூக்கியடிச்சுருவாங்க. அந்தப் பொம்பள மேலயே எழுதிரு" என்றார். அவர் நெற்றியில் குங்குமம் இருந்தது. நான் எழுதாமல் இழுத்தடித்தேன். அரசாங்க வேலையில் அதற்கு மட்டும் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

'தீயில் வேகாத சாமி' என்று படம் ஒவ்வொரு செல்போனாகப் போனது. பாளையம்பட்டியிலிருந்து ஷேர் ஆட்டோ பேசி ஆட்கள் வந்தார்கள். தேங்காய் பழக் கடை ஒன்று முளைத்தது. பிள்ளை வரம், லோன் வரம் எல்லாம் கேட்டார்கள். ரெண்டு பேருக்குக் கிடைத்ததாகவும் பேச்சு. சங்கரபாண்டி வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருக்க ஆரம்பித்தார். முதலில் நடிப்பாகத்தான் இருந்திருக்கும். போகப் போக அவரைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. கல்லைத் தாண்டும்போது ஆள் இல்லாத நேரத்திலும் கன்னத்தில் போட்டுக்கொள்வதை நானே பார்த்தேன்.

ஆபீஸ் காம்பவுண்டுக்குள் இருந்த ஆடுகளும் சும்மா இருக்கவில்லை. மரம் நடு விழாவுக்கு வளர்த்து வைத்திருந்த கன்றுகளை மொத்தமாக மேய்ந்து முடித்தன. கரட்டில் அவை தின்னாத காட்டை ஆபீஸில் தின்றன. முத்திருளாயி தினமும் வேலிக்கு வெளியே நின்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் போவாள். அதைக் காது கொடுத்துக் கேட்பது கஷ்டமாக இருந்தது.

4. சூடம்

சாமிக்குப் பொங்கல் வைத்தார்கள். ரேஞ்சர், தனக்கு முதல் மரியாதை என்று சொல்லி என்னையும் இழுத்துப் போனார். கூட்டம் நல்ல கூட்டம். பூசை முடிந்து சங்கரபாண்டி விபூதி கொடுத்துக்கொண்டிருந்தபோது முத்திருளாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். முந்தியை அவிழ்த்துச் சூடத்தை எடுத்தாள். கல்லுக்கு முன்னால் வைத்துக் கொளுத்தினாள்.

"நான் கரட்டுக்குத் தீ வைக்கல. வச்சிருந்தா இந்தச் சாமி என்னையக் கேக்கட்டும்" என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். அடுத்து இன்னொரு சூடத்தை வைத்துக் கொளுத்தினாள். "மொதலாளி, உங்க சாமி. உங்க மூட்டத்துல இருந்து தீ வரலன்னு நீங்களும் அணைச்சுருங்க. நான் செயிலுக்கே போயிக்கிறேன்."

எங்கள் பக்கத்தில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சங்கரபாண்டி கையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார். "பங்காளி வீட்டுல ஒரு சாவு. எனக்குத் தீட்டு இருக்கு" என்றார்.

"தீட்டோடயா பொங்க வச்சீக? தீட்டுக் கையாலயா எல்லாருக்கும் துண்ணூறு குடுத்தீக?"

நெற்றியில் விபூதி வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். ரேஞ்சரும்தான்.

சூடம் எரிந்து தீரப்போனது. "அணைங்கண்ணே, பொம்பளைக்கு இருக்க தகிரியம் உங்களுக்கு இல்லயா?" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். சங்கரபாண்டிக்கு வேர்த்து ஊற்றியது. கல்லைப் பார்த்தார், சூடத்தைப் பார்த்தார். சட்டென்று முழங்காலிட்டுவிட்டார். "மூட்டம் சரிஞ்சிருச்சு. காத்து கெளப்பி விட்டுருச்சுய்யா. வேணும்னு செய்யல சாமி, என் பிள்ளைகள ஒண்ணும் செஞ்சுராத" என்று கல்லைப் பார்த்து அழுதார். அவரே மஞ்சள் பூசிய கல்.

5. பாடம்

கேஸ் அவர் பேரில் பதிவானது. அபராதம் கட்டினார், மூட்டத்தைக் கலைத்தார். 'துறையின் தீவிர விசாரணையால் உண்மை வெளிவந்தது' என்று ரேஞ்சர் எழுதினார். அதற்குப் பாராட்டுச் சான்றிதழும் வந்தது. கல்லை இன்றைக்கும் கும்பிடுகிறார்கள். சாமி இடத்தில் குச்சி ஒடிக்கக் கூடாது என்பதால் அதைச் சுற்றி உசில் நன்றாகத் தழைத்திருக்கிறது. எத்தனையோ வருஷம் நாங்கள் போர்டு வைத்தும் நடக்காத காரியம். சர்வே பார்க்க வருபவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அளக்கிறார்கள்.

எல்லைக் கல்லை எப்படிப் பாதுகாப்பது என்று பயிற்சியில் உங்களுக்குப் பாடம் எடுப்பார்கள். கவனமாகக் கேளுங்கள். நான் படித்த பாடம் ஆடுகளைத் திறந்துவிட்ட அன்று கிடைத்தது.

முத்திருளாயி ஆடுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, ஒருவேளை அவர் சூடத்த அணைச்சிருந்தா? அது வெறும் எல்லைக் கல்லும்மா" என்றேன்.

"தெரியாமலா இருக்கேன்? கருவேலம் மண்டுறதுக்கு முன்னாடி, சின்னப் பிள்ளையில அந்தக் கல்லு மேல உக்காந்துதான் நான் கஞ்சி குடிப்பேன்" என்றாள். "நான் எதுக்குய்யா அதுக்குப் பயப்படணும்? சாமின்னு சொன்னது அவுகதான?"

ஆடுகளை ஓட்டிக்கொண்டு கரட்டைப் பார்த்து நடந்தாள்.