பகலில் தூங்குகிறவர் வீட்டுக்கு மேலே

ராத்திரி என்றால் எல்லோரும் தூங்குவார்கள், பகல் என்றால் எல்லோரும் விழித்திருப்பார்கள் என்று விமானத்துக்குப் பாதை வகுக்கிறவர்களுக்கு யார் சொன்னதோ தெரியவில்லை. சொன்னவர் யாராக இருந்தாலும், திருப்பூர்ப் பக்கம் ஒருநாள்கூட எட்டிப் பார்த்தவராக இருக்க முடியாது. இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். அருள்புரத்தில் லைன் வீடு. ஒன்றோடொன்று ஒட்டிய ஒற்றை அறைகள், மேலே சிமெண்ட் ஷீட். அப்பா பனியன் துணி ஓட்டும் நிட்டிங் கம்பெனியில் ஆபரேட்டர். இரவு எட்டு மணிக்குப் போனால் காலை எட்டு மணிக்குத்தான் வருவார். வந்து குளித்து, சாப்பிட்டுப் படுத்தால் அதுதான் அவருக்கு ராத்திரி.

எங்கள் லைனில் பாதிப் பேர் நைட் ஷிப்ட் என்பதால், பகலுக்கென்று ஒரு நடைமுறை தானாகவே உண்டாகியிருந்தது. குக்கரை யாரும் வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். கோடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அடுப்பைக் கொண்டுபோய் வைத்து, விசிலை அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள். காய்கறி வண்டிக்காரர் ரோடு முழுக்க ஸ்பீக்கரில் தக்காளியைக் கூவிக்கொண்டு வருவார். எங்கள் லைனுக்குள் திரும்பும்போது அதை அணைத்துவிடுவார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. பிள்ளைகள் நாங்கள் சண்டை போட்டால்கூடக் கத்த மாட்டோம், கிள்ளிக்கொள்வோம். கிள்ளு வாங்கியவனும் வாயைப் பொத்திக்கொண்டுதான் அழ வேண்டும்.

இப்படி எல்லோரும் சேர்ந்து பொத்திப் பொத்திக் காப்பாற்றிய தூக்கத்துக்கு மேல்தான் விமானத்தைத் திருப்பிவிட்டார்கள்.

அதற்கு முன்னால் விமானம் எங்கோ வடக்கே பொட்டுப்போலப் போகும். திடீரென்று ஒருநாள் தாழ வந்தது. கூரை ஷீட் அதிர்ந்தது, அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. அப்பா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதா என்று கேட்டார். பாவம், அவர் படுத்தே ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அம்மா முதுகைத் தடவி மறுபடி படுக்க வைத்தாள். கண்ணயரும் நேரம் பார்த்து அடுத்தது வந்தது. பிறகு தினமும் இதே கூத்துதான்.

அம்மா சும்மா இருக்கிற ஆள் இல்லை. கட்டிங் கம்பெனியிலிருந்து ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் துணி கொண்டுவந்து, ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கையெல்லாம் அடைத்தாள். சத்தம் கொஞ்சமும் குறையவில்லை, வந்துகொண்டிருந்த காற்றுதான் நின்றது. அப்பா வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து, இதற்கு விமானமே தேவலை என்றார். மறுநாள் அத்தனையையும் நானும் அம்மாவும் பிடுங்கிப்போட்டோம்.

ஏன் இப்படித் திருப்பினார்கள் என்று பிறகு தெரிந்தது. ஜனங்களின் இரவுத் தூக்கம் கெட்டுவிடக் கூடாதாம். அதனால் ராத்திரி விமானங்களை வேறு பாதையில் விட்டுவிட்டு, பகல் விமானங்களை மட்டும் எங்கள் தலைக்கு மேல் விட்டார்களாம். அடேயப்பா, என்ன ஒரு கருணை! இவர்கள் போட்டுக்கொண்டு தூங்குகிற பனியனை ராத்திரியெல்லாம் கண் விழித்து ஓட்டுகிறவன் எப்போது தூங்குவான் என்று கேட்க, பாதை வகுக்கிற அந்த ஆபீசில் ஒரு ஆள் இல்லை.

நிட்டிங் மெசின் முன்னால் நிற்கிறவனுக்குக் கண் பிசகக் கூடாது. ஊசி உடைந்தால் உடனே நிறுத்த வேண்டும். விட்டால் துணி நெடுகக் கோடு விழுந்து ரோலே வீணாகும். ஒரு ராத்திரி அப்பா நின்றபடியே கண்ணயர்ந்துவிட, பக்கத்து மெசின்காரர் ஓடிவந்து நிறுத்தியிருக்கிறார். இதை அப்பா அம்மாவிடம் மட்டும்தான் சொன்னார். ஒற்றை அறை வீட்டில் 'மட்டும்' ஏது? நானும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

லைன்காரர்கள் சேர்ந்து மனு கொடுத்ததில் ஒருநாள் ஒரு அதிகாரி வந்தார், கையில் சத்தத்தை அளக்கிற கருவியோடு. அவரை அழைத்து வந்தது அப்பாவின் முதலாளிதான்; ஊருக்குள் எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் அவர் காரில்தான் வருவார். தங்கமான பேச்சு அவருக்கு. என்னைக்கூடக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். படுத்திருந்த அப்பாவை எழுப்பி, உங்களுக்குத் தூக்கம் கெடுகிறதா என்று அதிகாரி கேட்டார்.

அப்பா வேட்டியை இறுக்கிக்கொண்டு, இந்த ஊரில் கற்றுக்கொண்ட மரியாதையெல்லாம் சேர்த்துச் சொன்னார். “பரவாயில்லீங்க சார். ஒண்ணும் சிரமமில்லீங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்து நிற்கிற மனுஷன் சொல்கிற பேச்சா இது? முதலாளி சிரித்தார். “எங்க ஆளுக அப்படித்தானுங்க சார். எதையும் அனுசரிச்சுப் போயிருவாங்க.”

அம்மாவின் நாக்கு சங்கரன்கோவிலை விட்டு இன்னும் வந்து சேரவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டாள்.

“என்ன சார், சிரமமில்லைன்னா விட்டுருவீகளா? அவுக ஒழுங்காக் கண்ணை மூடி எம்புட்டு நாளாச்சு. மெசின் முன்னால நின்னுக்கிட்டே தூங்குதாக. என்னைக்குக் கையி உள்ள போகப்போகுதோன்னு நான் விடிய விடிய முழிச்சுக் கெடக்கேன்.”

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அப்பா அதிகாரியைப் பார்க்கவில்லை, முதலாளியைப் பார்க்கவில்லை, அம்மாவை மட்டும் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன் நான் அவரிடம் கண்டதில்லை.

அதிகாரி கருவியைப் பார்த்துவிட்டு, பகல் நேரத்துக்கு இந்தச் சத்தம் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது என்றார். பகல் நேரத்துக்காம்! காரில் ஏறுவதற்கு முன் முதலாளி அப்பாவின் தோளில் கை வைத்தார்.

“ஏனுங்க, இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க? ஒடம்பு முக்கியமுங்க. கொஞ்ச நாளைக்கு ஊட்ல ரெஸ்ட் எடுங்க. நானே கூப்புடறனுங்க.”

குரலில் அத்தனை தேன். எனக்கோ தலைகால் புரியவில்லை. அம்மா பேசிய ஒரு பேச்சுக்கு முதலாளியே லீவு கொடுத்துவிட்டாரே! பள்ளிக்கூடத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி வைத்தேன். வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிக் குதித்ததற்கு அம்மா தொடையில் ஒன்று வைத்தாள். இவளுக்கு என்ன வந்தது என்று எனக்குக் கோபம். முதலாளி பிறகு கூப்பிடவே இல்லை. தூங்கி விழுகிறவனை மெசினில் நிறுத்த யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால் தூங்க விடாதவனை இதுவரை ஒருவரும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

லீவு தொடங்கி நாலைந்து நாள் இருக்கும். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். விமானம் வந்தது. ஷீட் அதிர்ந்தது, டம்ளர் இடித்தது, எனக்கே காது அடைத்தது. அப்பா அசையவே இல்லை. அடுத்தது வந்தபோதும் அப்படியே கிடந்தார்.

தொட்டிப் பக்கம் அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவிடம் ஓடினேன். “அம்மா, அப்பாவுக்குப் பழகிருச்சு. பிளேன் போனாக்கூட இப்ப முழிக்க மாட்டேங்காங்க.”

அம்மா தண்ணீரிலிருந்து கையை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்குகிறவர்தான் திடுக்கிட்டு எழுவார், கண் விழித்தே கிடக்கிறவர் எழ மாட்டார் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.