ஊறுகாய் பாட்டிலில் மெழுகுவர்த்தி

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற அமெரிக்காவில் எங்களுக்கு ஒரு கல்லறைகூட இல்லை. அம்மாவுக்கு இது பெரிய குறை. நியூஜெர்சிக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அவள் புலம்புவதைக் கேட்டால், எங்களில் யாரும் இன்னும் இங்கே சாகவில்லையே என்று வருத்தப்படுவது போலிருக்கும். "அதுக்கு இப்ப நான் என்ன செய்யணுங்கிற?" என்று அப்பா ஒருநாள் கேட்டேவிட்டார்.

நாங்கள் போன சர்ச் மிகப் பழையது. வெள்ளைக்காரர்களின் சபை. தமிழர்கள் என்றால் நாங்களும், எங்கள் மாவட்டத்தையே சேர்ந்த ஓர் அங்கிளும் ஆன்ட்டியும்தான். சர்ச்சுக்குப் பின்னால் பெயர் வெட்டிய கல்லறைகள், அவற்றைச் சுற்றிக் கற்சுவர். சுவருக்கு வெளியே, புல்லுக்குள் பெயரில்லாத கற்கள் கொஞ்சம் கிடந்தன.

அந்த வருஷம் எங்கள் சபையும் பக்கத்து ஊரிலிருந்த கறுப்பின மக்களின் சபையும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து, ஊரின் பழைய கதையைப் பேசத் தொடங்கியிருந்தன. பழைய கசப்பு தீரவேண்டும் என்பது நோக்கம். சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்வதில் யாருக்கும் தடையில்லை. பேச்சு மட்டும் அந்தக் கற்களில் வந்து முட்டிக்கொள்ளும். பண்ணைகளில் அடிமைகளாக இருந்த தங்கள் முன்னோர் அங்கேதான் புதைக்கப்பட்டார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். உழும்போது பொறுக்கிப் போட்ட வெறும் கற்கள், வேறெதற்கும் ஆதாரமில்லை என்று எங்கள் சபைப் பெரியவர்கள் சொன்னார்கள். அந்த இடத்தில் கார் நிறுத்த தார் போடப் போகிறார்கள் என்ற பேச்சும் இருந்தது.

இந்தச் சண்டை எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. அவள் நர்ஸ், கூட்டம் நடக்கும் ஞாயிறுகளில் எல்லாம் டியூட்டி.

அந்தக் கல்லறைத் திருநாள் அன்று, நான் பள்ளிவிட்டு வந்ததும் அம்மா கடையில் வாங்கிய செவ்வந்தியோடு என்னை சர்ச்சுக்குக் கூட்டிப்போனாள். பெயர் வெட்டிய பளிங்குக் கற்களுக்குத்தான் பூ என்று நினைத்தேன். அவள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுவரைச் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தாள். "உள்ள இருக்கிறவங்களுக்கு ஆள் இருக்கு" என்றாள். கற்களின் மேலிருந்த சருகைக் கையால் தள்ளிப் பூ வைத்தாள். காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. அம்மா இதற்கும் தயாராகத்தான் வந்திருந்தாள். காலி ஊறுகாய் பாட்டில்களை எடுத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒன்றை நட்டு ஏற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் ஒரே அமளி. எங்கள் சபை கடைசியில் ஒப்புக்கொண்டுவிட்டது என்று நினைத்து கறுப்பினச் சபையார் கண் கலங்கி வந்திருந்தார்கள். அவர்கள்தான் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உரிமை கொண்டாடிவிட்டுப் போனார்கள் என்று எங்கள் பெரியவர்கள் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார்கள். மேஜை மேல் சாட்சியாக ஊறுகாய் பாட்டில்கள். ஒட்டியிருந்த தாளில் இருந்த எழுத்து ஹீப்ருவாக இருக்குமோ என்று ஒருவர் சந்தேகப்பட்டார். அது அம்மாவின் கையெழுத்து. பூண்டு, நார்த்தங்காய் என்று எழுதியிருந்தது.

அன்று அம்மாவுக்கு லீவு. அப்பா அவள் முழங்கையைப் பிடித்து, "பேசாம இரு. கிரீன் கார்டு வர்ற நேரத்துல நமக்கெதுக்கு ஊர் வம்பு?" என்று கிசுகிசுத்தார். சொல்லிவிட்டு அவர் பார்த்தது வெள்ளைக்காரர்களை அல்ல, இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த ஆன்ட்டியை.

அம்மா எழுந்து, பாட்டில் என்னுடையதுதான் என்றாள். நோயாளிகளை அதட்டிப் பழகிய இங்கிலீஷ் அது. ஹால் முழுக்கக் கேட்டது. அவை கல்லறைகள் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கறுப்பினச் சபையின் மூத்த அம்மாள் ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"எங்கள் ஊரில் எல்லாருக்கும் ஒரே சபை, ஒரே வேதம், ஒரே நிறம். அப்படியும் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சுவர் இருக்கிறது. என் அப்பா சுவருக்கு வெளியே இருக்கிறார். வெளியே கிடக்கும் கல்லைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா?"

அந்த அம்மாள் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தார் போட வேண்டும் என்று மும்முரமாக இருந்த எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் பூண்டு பாட்டிலைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, முதலில் சுவரை என்ன செய்வது என்று பேசுவோம் என்றார். அந்தக் குளிர்காலம் முடிந்ததும் இரண்டு சபை ஆட்களும் சேர்ந்து சுவரின் அந்தப் பக்கத்தை இடித்துத் தள்ளினார்கள். அதன்பின் வந்த கல்லறைத் திருநாட்களில் அந்தக் கற்களுக்கு எத்தனையோ பேர் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், அதுவும் ஜாம் பாட்டில்களில். எங்க அம்மா தொடங்கி வைத்தது என்று இன்றைக்கும் யாரிடம் வேண்டுமானாலும் மார்தட்டிச் சொல்வேன்.

அன்று கூட்டம் முடிந்து காருக்கு நடக்கும்போது அப்பா, "எல்லார் முன்னாடியும் அதச் சொல்லணுமா?" என்றார்.

"இங்க வந்துமா மறைக்கணும்?" என்றாள் அம்மா.

மெழுகுவர்த்தி வைத்ததைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். அப்போது ஆன்ட்டி எங்களைக் கடந்து போனார். எப்போதும் என் கன்னத்தைக் கிள்ளாமல் போகாதவர், அன்று பார்க்காதது போலப் போனார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. அம்மா சொன்னதிலிருந்து நான் புரிந்துகொண்டது ஒன்றுதான்: எங்கள் ஊர் அவ்வளவு பெரியது, ஒரு கல்லறைத் தோட்டம் போதாமல் சுவருக்கு வெளியேயும் ஒன்று வேண்டியிருக்கிறது. ஓடிப்போய் ஆன்ட்டியின் கையைப் பிடித்தேன்.

"ஆன்ட்டி, எங்க ஊர்ல ரெண்டு கல்லறைத் தோட்டம் இருக்கு. உங்க ஊர்ல எத்தனை?"

ஆன்ட்டி கையை விடுவித்துக்கொண்டு காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பிப் பார்த்தேன். அம்மா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. முதலில் திகைத்து நின்ற அப்பாவும் கார் மேல் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். ஊர்ப் பெருமையை நான் நன்றாக எடுத்துச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து, நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.