காமினி வேலிக்கு மூன்று வருஷம்

நாங்கள் நட்ட காமினிச் செடிகள் இருபது என்று அம்மா இன்றும் சொல்கிறாள். இருபத்திரண்டு. நோட்டில் எழுதியிருக்கிறேன். அப்போது நான் நாலாம் வகுப்பு. எதையும் வரிசை எண் போட்டு எழுதாவிட்டால் அது நடந்ததாகவே எனக்குத் தோன்றாது.

அப்பாவுக்குக் கொல்கத்தாவுக்கு மாற்றலாகி, டாலிகஞ்ச் குவார்ட்டர்ஸில் தரைத்தளத்து வீடு கிடைத்திருந்தது. வீட்டுக்கு முன்னால் ஓர் அறை அளவுக்குத் தோட்டம், அதன் மூன்று பக்கமும் கம்பித் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம், காலனி மொத்தமும் மார்க்கெட்டுக்குப் போகும் பாதை. குளிர்காலக் காலைகளில் அம்மா அங்கே நாற்காலி போட்டு உட்காருவாள்.

அந்த டிசம்பரில் அம்மாவின் தலை மொட்டையாகிவிட்டது. "வேண்டுதல்டா, திருப்பதி மொட்டை" என்றார் அப்பா. என் குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது. ஹவுராவிலிருந்து சென்னைக்கே ஒரு நாளுக்கு மேல் ஆகும். இவர்களோ மூன்று வாரத்துக்கு ஒருமுறை காலையில் டாக்ஸியில் போய் சாயங்காலமே திரும்பிக்கொண்டிருந்தார்கள், அது எப்படி? ஏன் லட்டும் வரவில்லை, தலையில் சந்தனமும் இல்லை? சாமியைப் பார்த்துவிட்டு வந்தவள் ஏன் இரண்டு நாள் வாந்தி எடுக்க வேண்டும்? என்னை ஏன் ஒருமுறைகூட அழைத்துப் போகவில்லை? நான்கு கேள்விகளையும் நோட்டில் எழுதி, பதிலுக்கு இடம் விட்டு வைத்தேன்.

ஒரு நாள், நான் மாஷிமா என்று முறை வைத்துக் கூப்பிடும் பக்கத்து வீட்டு அம்மாள் காய்கறிப் பையோடு போகும்போது தடுப்பருகே நின்றுவிட்டார். "ஓ மா! முடி எங்கே போச்சு?" என்று வங்க மொழியில் கேட்டார். அம்மாவுக்கு அந்த மொழி அரைகுறை. நான் முந்திக்கொண்டு, "சாமிக்குக் கொடுத்துட்டாங்க மாஷிமா, திருப்பதியில!" என்று பெருமையாகச் சொன்னேன். மாஷிமா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையே பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரியாயிடும், எல்லாம் சரியாயிடும்" என்றார். மொட்டை போட்டதில் சரியாவதற்கு என்ன இருக்கிறது? இது ஐந்தாவது கேள்வி.

அன்றிலிருந்து அம்மா வெளியே வரவில்லை. காலை வெயிலில் உட்காரும்படி டாக்டர் சொல்லியிருந்தும் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைச் செடி விற்கும் நர்சரிக்கு அழைத்துப் போனார். வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும், உள்ளே இருப்பவர்கள் வெளியே தெரியக் கூடாது என்று அவருடைய இந்தியில் கேட்டார். நர்சரிக்காரர் காமினியைக் காட்டினார். "வருஷத்துக்கு ஓர் அடிதான் வளரும் அண்ணா. மழைக்காலத்துல வந்து வாங்குங்க, நல்லாப் பிடிக்கும்" என்றார். ஒரு பனியன் வாங்கவே நான்கு கடை ஏறி இறங்கும் அப்பா, அங்கேயே நின்று செடிகளை எண்ணி வாங்கினார்.

ஒன்றரை அடிக்கு ஒரு செடி. குச்சியால் அளந்து குறி போடுவது என் வேலை. அப்பா தேவைக்கு மேல் ஆழமாகத் தோண்டி, தொழு உரம் போட்டு, ஒவ்வொரு செடியையும் இரண்டு கையாலும் பிடித்து இறக்கினார். பாதி வேலையில் எனக்கு ஒரு யோசனை வந்தது.

"அப்பா, அம்மாவோட பழைய புடவையைக் கம்பியில கட்டினா இன்னைக்கே மறைஞ்சுடுமே?"

"அட, ஆமா" என்றார். உள்ளே போய் இரண்டு புடவைகளைக் கொண்டுவந்து கட்டவும் கட்டினார். அம்மா தலையில் துண்டோடு வெளியே வந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். மறைத்தாகிவிட்டது. வேலை முடிந்தது என்று நான் குச்சியைக் கீழே போட்டேன். அப்பா மறுபடி மண்வெட்டியை எடுத்து அடுத்த குழியைத் தோண்ட ஆரம்பித்தார். புடவை இருக்கும்போது செடி எதற்கு? ஆறாவது கேள்வி.

இதற்காவது பதில் கண்டுபிடித்துவிடலாம் என்று, உட்கார்ந்திருந்த அம்மாவை டேப் வைத்து அளந்தேன். தரையிலிருந்து உச்சந்தலை வரை மூன்று அடி பத்து அங்குலம். செடி பத்து அங்குலம். மதியச் சாப்பாட்டின்போது முடிவை அறிவித்தேன்.

"அப்பா, இந்த வேலி வேஸ்ட். அம்மா உயரத்துக்கு வர மூணு வருஷம் ஆகும். என் முடி மாசத்துக்கு அரை அங்குலம் வளருது, நான் அளந்திருக்கேன். அப்படின்னா மூணு வருஷத்துல அம்மாவுக்குப் பதினெட்டு அங்குலம் வளர்ந்துடும். ஜடையே போட்டுக்கலாம். அப்புறம் எதுக்கு மறைக்கணும்?"

ரசஞ்சோற்றில் அப்பாவின் கை நின்றது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். எழுந்து கை கழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீரை வீணாக்காதே என்று தினமும் என்னிடம் சொல்பவர் அவர்தான்.

"எத்தனை அங்குலம்னு சொன்னே?" என்றாள் அம்மா.

"பதினெட்டு."

"எனக்கா?"

"உனக்குத்தான்."

"இன்னொரு தடவை சொல்லு, கண்ணு."

சொன்னேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன். எனக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுத்தவளே அம்மாதான். இத்தனை சுலபமான கணக்கு அவளுக்கு ஏன் விளங்கவில்லை என்று எனக்குப் புரியவேயில்லை. நோட்டை எடுத்துவந்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மாதம் அரை, வருஷம் ஆறு என்று விரல் வைத்து, முதலிலிருந்து பொறுமையாக விளக்க ஆரம்பித்தேன்.