'அண்டர் தி வெதர்' சீட்டுக்கு நான் எழுதிய பதில்

எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் பெரிய கப்பல்கள் கரைக்கு வராது. கடலில் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். நாங்கள் தோணியில் உப்பேற்றி அனுப்புவோம். கேப்டனுக்கும் எங்கள் ஏஜென்சி ஆபீசுக்கும் நடக்கும் பேச்செல்லாம் லாஞ்சு என்ற மோட்டார் படகில் போய்வரும் சீட்டு மூலம்தான். அதைப் படித்துப் பதில் எழுதுவது என் வேலை. ஆபீஸ் கிளார்க்குகளில் பி.ஏ. படித்தவன் நான் ஒருவன்தான். அந்தத் திமிரும் கொஞ்சம் இருந்தது.

ஒருநாள் காலை வந்த சீட்டில், 'குக் அண்டர் தி வெதர் சின்ஸ் எஸ்டர்டே. ப்ளீஸ் அட்வைஸ்' என்று இருந்தது. வெதர் என்றால் வானிலை, இதுகூடவா தெரியாது? சமையல்காரர் திறந்த வெளியில் சமைக்கிறார் போலிருக்கிறது, மழைக்குப் பயப்படுகிறார் என்று நானே முடிவுகட்டினேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் பி.ஏ.வுக்கு என்ன மரியாதை? துறைமுக ஆபீசுக்கு போன் போட்டு விசாரித்து, 'மழை இல்லை, காற்று மிதம், கவலை வேண்டாம்' என்று நல்ல இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன்.

மதியம் இரண்டாவது சீட்டு வந்தது. 'குக் வெரி சிக். ஹேவ் யூ நோ டாக்டர்?'

மேனேஜர் செல்லையா இரண்டையும் வாங்கிப் படித்தார்.

"ஏலே, அண்டர் தி வெதர்னா ஒடம்புக்குச் சொகமில்லன்னு அர்த்தம்லே! அங்கன ஒருத்தன் துடிக்கான், நீ மழை இல்லன்னு பதில் போட்டிருக்க. டாக்டர் போவட்டும், நீ இங்கன கெட."

"இல்ல சார், நானும் போறேன். அந்த ஆளக் கரை சேக்காம ஆபீசுக்குள்ள கால் வைக்க மாட்டேன்."

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஏறியிருந்தது. மிதம் என்று நான் எழுதிய கடல் லாஞ்சைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். கப்பலில் தொங்கிய கயிற்றேணியில் அதற்குமுன் ஏறியதே இல்லை. டாக்டரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கீழே பார்க்காமல் ஏறினேன்.

டாக்டர் வயிற்றைத் தொட்டதும் சமையல்காரர், "ஏ மாதாவே!" என்று அலறினார். பக்கத்துக் கடற்கரை ஊரான புன்னைக்காயல்காரர் அவர். குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். ஸ்ட்ரெச்சரில் கட்டி லாஞ்சுக்குள் இறக்கினோம். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

பாதி வழியில் அவர் கேட்டார்: "தம்பி, நேத்தே கேப்டன்ட்ட கும்பிட்டுச் சொன்னேனே. அவரு ஆபீசுக்கு எழுதலையா?"

'அண்டர் தி வெதர்' என்பது சளி, தலைவலி மாதிரி லேசான சுகக்கேட்டுக்குச் சொல்கிற வார்த்தையாம். கிளம்பும்போது செல்லையா சார்தான் சொல்லியனுப்பினார். உயிர்போகிற வலிக்குக் கேப்டன் அதை எழுதியதும் தப்புதான். பழியை அவர்மேல் போட வாய்வரை வந்துவிட்டது.

"எழுதினாரு அண்ணாச்சி. எனக்குத்தான் புரியல. புரியாமலே பதில் போட்டுட்டேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அவமானத்தில் கண் கலங்கியது.

அவர் பிழைத்துவிட்டார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "இனிமே புரியலன்னா கேப்பியா?" என்றார். கேட்பேன் என்றேன்.

ரிட்டயர் ஆகும்வரை கேட்டேன். கேப்டன்களிடம் கேட்டேன், லாஞ்ச்காரரிடமும் கேட்டேன். "இதுகூடத் தெரியாதா சார்?" என்று புதிதாக வந்த கிளார்க்குகள் சிரித்தார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கேட்டேன்.